மாமாவுக்குச் சொன்ன பந்தயம்

திருத்தணி ஸ்டேஷனில் சனி, ஞாயிறு காலைகளில் இறங்குகிற கூட்டம் பெரிது. காவடி, மஞ்சள் துணி, மொட்டையடிக்கப்போகும் குழந்தைகள் என்று எல்லாம் மலைக்குப் போகிற கூட்டம். ஏறுகிற பக்கத்தில் ஏழெட்டுப் பேர் மட்டும் தனியாகத் தெரிவார்கள். கையில் பை இருக்காது. சட்டைப்பையில் நாலாக மடித்த ரேஸ் புக் இருக்கும். மெட்ராஸில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, தாம்பரம் வண்டி பிடித்துக் கிண்டி ரேஸுக்குப் போகிறவர்கள். என் தாய்மாமா அவர்களில் ஒருவர்.

ஊரில் அவர்களுக்கு மரியாதை கிடையாது. பெண் பேசும்போது பையன் குடிப்பானா என்று கேட்பதற்கு முன்னால், ரேஸுக்குப் போவானா என்று கேட்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து நெசவுக்காரர்கள். வாரக் கூலி சனிக்கிழமை கைக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை கிண்டியில் தீரும். தறியையே அடகு வைத்துவிட்டு, பிறகு அதே தறியில் கூலிக்கு உட்கார்ந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மனைவி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாமாவைத் திட்டுவார். மாமா அவரை ரேஸுக்குக் கூட்டிப்போனவர் இல்லை. ஆனால் திட்டுவதற்கு ரேஸுக்குப் போகிற ஆள் ஒருவர் வேண்டும், மாமாதான் பக்கத்தில் இருந்தார்.

மாமா நூல் கடையில் கணக்கு எழுதுகிறவர். கணக்குப்பிள்ளை புத்தி அவரைக் காப்பாற்றியது என்று அம்மா சொல்வாள். போக வர ரயில் செலவு, ஒரு டீ, ஒரு வடை, பத்து ரூபாய் டிக்கெட் இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போகமாட்டார். கிருத்திகை தவறாமல் மலை ஏறுவார். ஆனால் குதிரை விஷயமாக முருகனிடம் வாயைத் திறந்ததில்லை. ஜாக்பாட் அடித்தால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொள்கிற பொதட்டூர்ப்பேட்டைக்காரரைப் பார்த்து, “ஓடப்போற எல்லா குதிரைக்காரனும் எங்கியாவது வேண்டிகினுதான் இருப்பான், சாமி யாருக்குன்னு ஓட வைக்கும்?” என்பார்.

அவருக்குக் கண்ணில் புரை விழுந்தபோது நான் மெட்ராஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆபரேஷன் என்றால் பயம். மருந்து விட்டுக்கொண்டு, கணக்கை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்துச் சமாளித்தார். நோட்டுப் புத்தகத்தை அப்படிப் பக்கத்தில் கொண்டுவரலாம். குதிரையைக் கொண்டுவர முடியாது. ஒருநாள் ஆபீஸுக்கே போன் பண்ணினார். “டேய், ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்க? வந்து பாத்துகினு சொல்லு.”

இப்படித்தான் நான் கிண்டிக்குப் போனேன். ரேஸ் ஆடுவதற்கு இல்லை, பார்த்துச் சொல்வதற்கு.

முதல் சில தடவை என்னால் முடியவில்லை. கிண்டியில் சாதாரண நாட்களில் ஓடியதில் பெரும்பாலானவை ஆயிரத்திலிருந்து ஆயிரத்து அறுநூறு மீட்டருக்குள். 1200 மீட்டர் பந்தயம் ஒரு நிமிடம் பத்துப் பன்னிரண்டு வினாடியில் முடிந்துவிடும். ஸ்டால் கதவு திறந்தது என்று நான் சொல்வதற்குள் பாதி தூரம் போயிருக்கும். எந்தச் சட்டை முன்னால் என்று கண்டுபிடிப்பதற்குள் கூட்டம் கத்த ஆரம்பித்துவிடும், என் குரல் எனக்கே கேட்காது. மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகுதான் சொன்னார்: “சின்ன ரேஸ விடு. அது துப்பாக்கி சுடற மாதிரி, சத்தம் கேட்டா போதும். தூரமா ஓடறது இருக்குதே, அத சொல்லலாம்.”

நெடுந்தூரப் பந்தயத்தின் மேல் அவருக்கு இருந்த பித்து கண் போனதால் வந்ததில்லை, முன்பே இருந்தது. மற்றவர்கள் ஜாக்பாட், டானலா என்று எண்களைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் புத்தகத்தில் 2400, 2800 என்று போட்டிருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவார். பத்து ரூபாய்க்கு ஒரு நிமிஷம் பார்ப்பதா, மூன்று நிமிஷம் பார்ப்பதா என்று கணக்குப்பிள்ளையாகவே காரணம் சொல்வார். உண்மையான காரணம் வேறு. தூரம் குறைவாக இருந்தால் வேகம்தான் எல்லாம். கூடினால் ஜாக்கி யோசிக்க வேண்டும், குதிரை பொறுக்க வேண்டும். நடுவில் எத்தனையோ நடக்கும். “நம்ம மலைப்படி ஏறறவங்கள பாத்திருக்க இல்ல? புதுசா வரவன் மொத நூறு படிய ஓடியே ஏறுவான். அப்பறம் ஓரமா உக்காந்து இளைப்பான். கிழவிங்க படிக்குப் படி சூடம் ஏத்திகினு ஒரே மாதிரி போய்கினே இருக்கும். மேல யாரு மொதல்ல?” முன்னூற்று அறுபத்தைந்து படி. எங்கள் ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு மாசி மாதம் இன்விடேஷன் வார இறுதி மெட்ராஸுக்கு வந்தது. இந்தியக் குதிரைப் பந்தயத்தில் அதுதான் பெரிய திருவிழா. 1963இல் இன்விடேஷன் கப்போடு தொடங்கியது. பம்பாய், கல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், மெட்ராஸ் என்று ஊர் மாறி மாறி நடக்கும். 2400 மீட்டர் இன்விடேஷன் கப்புக்குத்தான் எல்லா ஊர் பணமும் பேச்சும். அதோடு 1200 மீட்டர் ஸ்ப்ரின்டர்ஸ் கப் உண்டு. இந்த இரண்டுக்கும் இடையில், பேப்பரில் நாலு வரி கிடைத்தால் அதிகம் என்கிற மாதிரி, 3000 மீட்டர் ஸ்டேயர்ஸ் டிராஃபி. மாமா மூன்று மாதமாகக் காத்திருந்தது அதற்கு.

பழைய கதை ஒன்று மாமாவுக்குத் தெரிந்திருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார். கிண்டியில் பந்தயம் 1777இல் தொடங்கியதாகக் கணக்கு. இங்கிலாந்தின் பழம்பெரும் நெடுந்தூரப் பந்தயமான செயின்ட் லெஜர் அதற்கு ஒரு வருடம் முன்னால், 1776இல் தொடங்கியது. உலகமே கொண்டாடும் டெர்பி 1780இல்தான் வந்தது. டெர்பிக்கே மூத்தது நம் கிண்டி. அந்தக் காலத்தில் குதிரை என்றாலே தூரம்தான். நாலு மைல் ஓடவிட்டு, சற்று ஓய்வு கொடுத்து, அதே குதிரையை அதே நாளில் மறுபடி ஓடவிடுவார்கள். பிறகு பந்தயம் சுருங்கிக்கொண்டே வந்தது. சீக்கிரம் ஓடி சீக்கிரம் சம்பாதிக்கிற குதிரைதான் வளர்ப்பவருக்கு லாபம். இன்றும் தூரத்தைக் கைவிடாதவர்கள் உண்டு. ஆஸ்காட்டில் 1807 முதல் கோல்ட் கப் நான்கு கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவில் 1861 முதல் மெல்பர்ன் கப், இப்போது 3200 மீட்டர். அதற்கு மெல்பர்ன் ஊருக்கே பொது விடுமுறை. நம் ஊரில் நெடுந்தூரப் பந்தயத்துக்கு ஆறு ஏழு குதிரை சேர்ந்தால் பெரிய விஷயம்.

அன்று எட்டு. காலையில் கல்கத்தா குதிரை ஒன்றை வாபஸ் வாங்கிவிட்டார்கள், ஏழு ஆனது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் என்க்ளோஷரில் வேலி ஓரமாக இடம் பிடித்தோம். மாமாவின் ஒரு கை வேலிக் கம்பியில், மற்றது என் தோளில். அந்தப் பக்கம் மெம்பர்கள் ஸ்டாண்டில் கோட்டும் பட்டுப்புடவையும். கிண்டி என்றால் குதிரை முதலாளி எம்.ஏ.எம். ராமசாமி என்றிருந்த காலம் அது, கூட்டத்தில் பாதிப்பேர் அவர் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிற விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு போனது. பொதட்டூர்ப்பேட்டைக்காரர் பம்பாய் குதிரைமேல் கட்டியிருந்தார், அதுதான் ஃபேவரிட். மாமா பெங்களூர் குதிரைமேல் ‘பிளேஸ்’ இரண்டு டிக்கெட், ஜெயிக்காவிட்டாலும் முதல் சில இடத்துக்குள் வந்தால் காசு. அவருக்குப் பெயர் தேவையில்லை, நிறம் போதும். புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். பம்பாய் மெரூன் சட்டை, மஞ்சள் தொப்பி. ஹைதராபாத் முழு நீலம். பெங்களூர் பச்சையில் வெள்ளைப் பட்டை. மற்ற நாலும் கணக்கில் இல்லை என்று அவரே தள்ளிவிட்டார்.

கதவு திறந்ததும் நீலம் முன்னால் போனது. மற்றவை பின்னால் சும்மா, உலாத்துகிற மாதிரி வந்தன. 1200 மீட்டர் பார்த்துப் பழகிய கூட்டம் பொறுமையிழந்து கூவியது. மாமா சிரித்தார். “கை பாரு. ஜாக்கிங்க கை ஆடுதா?”

“இல்ல மாமா. எல்லாரும் இழுத்துப் பிடிச்சிருக்காங்க.”

“நீலம்?”

“அதுவும்தான். ஆனா தலைய ஆட்டுது.”

“இழுத்துகினு ஓடுது. சரி.”

3000 மீட்டரில் குதிரைகள் வெற்றிக் கம்பத்தை இரண்டு தரம் தாண்டும். முதல் தரம் எங்கள் முன்னால் வந்தபோது மெரூன் திடுக்கென்று இரண்டாவதாக ஏறியது. பொதட்டூர்ப்பேட்டைக்காரர் இதுவரை இத்தனை தூரம் பார்த்தவரில்லை. கம்பத்தைத் தாண்டியதும், பிளேஸ் கட்டாமல் போனோமே, செகண்ட் வந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் ஒருவர், “யோவ், இன்னும் ஒரு சுத்து இருக்குய்யா” என்றதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரத்தில் மாமா என் தோளை அழுத்திப் பேசாதே என்றார். ஏழு குதிரைகள் பத்தடி தூரத்தில் போகின்றன. குளம்புச் சத்தம் காலுக்குக் கீழே தரையில் வருகிறது. அதற்கு மேலே இன்னொரு சத்தம், கொல்லன் துருத்தி மாதிரி, புஸ் புஸ் என்று ஒழுங்காக. மாமா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பாய்ந்து ஓடும் குதிரை ஒரு எட்டுக்கு ஒரு மூச்சுதான் விட முடியும். உடம்பின் அமைப்பு அப்படி, நடுவில் கூடுதலாக ஒரு மூச்சு வாங்க வழியில்லை. ஓட ஆரம்பித்ததும் மண்ணீரல் தான் சேர்த்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை ரத்தத்தில் இறக்கிவிடும். இதையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு குதிரை குறைந்த தூரத்துக்கா நெடுந்தூரத்துக்கா என்பதில் தசையைக் கட்டுப்படுத்தும் ஒரே மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று 2010இல் டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜில் எம்மலின் ஹில் என்பவரின் குழு கண்டுபிடித்ததையும் படித்தேன். மாமாவிடம் இருந்தது காது மட்டும். “முன்னாடி போறது மூச்சு ஒடையுது” என்றார், அவ்வளவுதான்.

பின்பக்க நேரோட்டத்துக்குப் போனதும் குதிரைகள் சின்னதாகிவிட்டன. பரங்கிமலைப் பக்கத்து வானத்தின் கீழே நிறங்கள் மட்டும் நகர்ந்தன. இங்கேதான் கூட்டம் அமைதியாகும், இங்கேதான் எனக்கு வேலை. நீலம் நாலு குதிரை நீளம் முன்னால். மெரூன் மூன்றாவதாக, உள்வேலி ஓரம். பச்சை கடைசியிலிருந்து இரண்டாவது.

“வெளிய இருக்கா உள்ளயா?”

“பச்சையா? வெளிய.”

“தூரம் ஜாஸ்தி ஓடுது. ஆனா அடைப்பு இல்ல. காது?”

“இவ்ளோ தூரத்துல காது தெரியல மாமா.”

“தெரியும், பாரு. நிமிந்து இருக்கா, பின்னால மடிஞ்சிருக்கா?”

பார்த்தேன். தெரிந்தது. நிமிர்ந்திருந்தது. அந்த ஒரு நிமிடம் போல நான் எதையும் உற்றுப் பார்த்ததில்லை. பரீட்சைத் தாளைக்கூட. கடைசி வளைவில் நீல ஜாக்கி தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தான். அதைச் சொன்னதும் மாமா, “முடிஞ்சது அவன் கத” என்றார். திரும்பிப் பார்க்கிற ஜாக்கிக்குக் கீழே குதிரை மிச்சமில்லை என்பது அவர் சித்தாந்தம். அது எல்லா நேரமும் சரியல்ல, அன்று ஏறக்குறைய சரி. மெரூன் உள்ளே வழி கிடைத்துப் புகுந்து வந்தது, பச்சை வெளியே சுற்றி வந்தது, நீலம் தலை தாழ்ந்தும் விடாமல் ஓடியது. கடைசி இருநூறு மீட்டரில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. கத்தினேன் என்பது மட்டும் தெரியும். தொண்டை கட்டி மறுநாள் பேச முடியவில்லை.

மெரூன் முதல். நீலம் இரண்டாவது. பச்சை, நீலத்துக்கு ஒரு கழுத்து பின்னால், மூன்றாவது.

இங்கே வந்தது வினை. எட்டு குதிரை ஓடினால் மூன்று இடத்துக்குப் பிளேஸ் காசு உண்டு. ஏழு என்றால் இரண்டுக்குத்தான். காலையில் வாபஸ் ஆன கல்கத்தா குதிரை, சும்மா கடைசியாக ஓடிவந்திருந்தால்கூட மாமாவுக்குப் பணம். அவர் அதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. டிக்கெட்டைக் கிழிக்கவும் இல்லை, மடித்துப் புத்தகத்தில் வைத்தார். பொதட்டூர்ப்பேட்டைக்காரர் ஜெயித்த பணத்தை எண்ணிக்கொண்டு அடுத்த பந்தயத்துக்கு ஓடினார். மாலைக்குள் அதுவும் போய், கையிலிருந்ததும் போய், ரயில் டிக்கெட்டுக்கு மாமாவிடம் வாங்கினார்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் கலைஞர் ஆட்சி கொண்டுவந்த சட்டம் இருபது வருடத்துக்கு மேல் கோர்ட்டில் இழுபட்டு அதோடு முடிந்தது. வம்சம், ஃபார்ம், எடை, ஜாக்கி எல்லாவற்றையும் எடைபோட்டு முடிவெடுக்கிற விஷயம், அதிர்ஷ்டம் மட்டும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். மாமாவைப் பார்த்தால் சரி என்று தோன்றும். எங்கள் ரயிலில் வந்த மற்றவர்களைப் பார்த்தால் தோன்றாது. கனவில் வந்த எண்ணுக்கும், பிளாட்பாரத்தில் காக்கை உட்கார்ந்த தூணின் எண்ணுக்கும் கட்டினவர்கள் அவர்கள். திறமை குதிரையிடமும் ஜாக்கியிடமும் இருந்தது, நஷ்டம் மட்டும் இவர்களிடம் வந்தது.

அதனால் 2024 செப்டம்பர் 9ஆம் தேதி கிண்டி மைதானத்துக்கு அரசு பூட்டுப் போட்டபோது எனக்கு ஒரே மாதிரி உணர்ச்சி வரவில்லை. 160 ஏக்கர் நிலம், 1945லிருந்து 99 வருடக் குத்தகை, வருட வாடகை 614 ரூபாய் சொச்சம். எங்கள் தெருவில் ஒரு திண்ணையைக்கூட அந்த வாடகைக்கு விடமாட்டார்கள். பாக்கி 730 கோடிக்கு மேல் என்று 2023இல் உயர் நீதிமன்றமே சொன்னது. ஊட்டி மைதானமும் அதே 2024இல்தான் போனது. கிண்டியில் குளமும் பூங்காவும் வரட்டும், வெள்ளத்தில் மிதக்கிற வேளச்சேரிக்கு அது நல்லது. அரசு பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த 3000 மீட்டரை இனி அந்த மண்ணில் யாரும் யாருக்கும் சொல்ல முடியாமல் போகலாம் என்பது எனக்குத் துக்கம்தான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஸ்டேயர்ஸ் டிராஃபி நடந்த அன்று இரவு திருப்பதி போகும் வண்டியில் ஊர் திரும்பினோம். நானும் லீவு போட்டு மாமாவோடு கிளம்பியிருந்தேன். எதிர் சீட்டில் திருப்பதிக்குப் போகும் தம்பதி, தெலுங்குக்காரர்கள். எங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, மாமா பள்ளியில் படித்தது தெலுங்கு. அவருக்கு உணர்ச்சி வந்தால் தெலுங்குதான் வரும். புருஷன்காரர் மாமாவின் சட்டைப்பையில் இருந்த ரேஸ் புக்கைப் பார்த்து ஏதோ கேட்டார். திருவள்ளூர் தாண்டியதும் மாமா ஆரம்பித்தார்.

நான் அவரிடம் மூன்று நிமிடத்தில் கத்தி முடித்ததை அவர் முக்கால் மணி நேரம் சொன்னார். நீலம் தலையாட்டியது, கம்பத்தருகே மூச்சு உடைந்தது, பச்சையின் காது நிமிர்ந்தது எல்லாம் வந்தன. நான் சொல்லாததும் வந்தது. மெரூன் உள்ளே புகுந்தபோது அதன் பின்காலில் வேலியிலிருந்து சுண்ணாம்பு ஒட்டியதாம். எனக்கு அது தெரியவே தெரியாது. நடுவில் அந்த அம்மாள் பொறுமையில்லாமல், “எவரு கெலிச்சாரு?” என்றார். மாமா கையை உயர்த்தி, “ஆகம்மா, இன்னும் ஆயிரம் மீட்டர் இருக்கு” என்று இரண்டு பாஷையில் சொல்லி அடக்கினார். அரக்கோணத்தில் வண்டி நின்றபோது குதிரைகள் கடைசி வளைவுக்கு வந்துகொண்டிருந்தன.

திருத்தணி வந்துவிட்டது. பந்தயம் முடியவில்லை. மாமாவைக் கையைப் பிடித்து இறக்கினேன். இறங்கினவர் நடக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைசி இருநூறு மீட்டரை நின்றபடி ஓட்டினார். “நீங்க எங்க நின்னு பாத்தீங்க?” என்று புருஷன்காரர் தெலுங்கில் கேட்டார். “வேலி ஓரத்துலதான்” என்றார் மாமா. வண்டி நகர ஆரம்பித்தது. நான் இழுக்க இழுக்க அதோடு நாலடி நடந்துகொண்டே, ஏழு குதிரைக்கும் எட்டு குதிரைக்கும் காசில் என்ன வித்தியாசம் என்பதை அந்த அம்மாளுக்கு விளக்கத் தொடங்கியிருந்தார்.